இதயம் தவிர்ந்த மற்றெல்லாம்

நான் விழுந்தது சம்மாந்துறையில், ஒரு அரிசி மில்லின் மாடிப்படியில். மில் முதலாளி அன்று ஒரு காப்புறுதிப் பொலிசிக்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். மேலே அவருடைய கந்தோர் அறைக்குப் பதினான்கு படி. பத்தாவது படியிலோ பதினோராவது படியிலோ நெஞ்சுக்குள் எதுவோ படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது. வலி இல்லை. அதற்குப் பிறகு நினைவிருப்பது உமி வாசமும், முகத்தில் தெளித்த தண்ணீரும்தான்.

"கொஞ்ச நேரம் நீங்க இல்ல, தம்பி," என்றார் முதலாளி. கையெழுத்துப் போடாமலே என்னை வாகனத்தில் ஏற்றிக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

நான் சாய்ந்தமருதைச் சேர்ந்தவன். பெயர் நஸீர். நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாகக் காப்புறுதி முகவர் வேலை பார்க்கிறேன். காப்புறுதி மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று பள்ளிவாசலில் வைத்தே என்னோடு வாதாடினவர்களும் உண்டு. மறுநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுப் படிவம் கேட்டவர்களும் உண்டு. என் தங்கையும் மகளும் இந்தக் கதையில் வருகிறார்கள். அவர்களுடைய பெயரை மாற்றியிருக்கிறேன். ஏன் என்று போகப் போக விளங்கும்.

கல்முனையில் ஈசிஜி எடுத்த இளம் டொக்டர் அந்தக் கடதாசியை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். மாரடைப்பு இல்லை என்றார். ஆனால் வீட்டுக்குப் போகவும் விடவில்லை. அடுத்த நாள் மட்டக்களப்பில் எக்கோ எடுத்தார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கான் மாதிரித்தான். குளிர்ந்த பசையைப் பூசி, ஒரு கருவியை விலாவில் அழுத்திப் பார்ப்பார்கள். திரை என் பக்கம் திரும்பியிருந்தது.

என்னுடைய இதயத்தை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு அறை சுருங்கி விரிந்தது. அதன் வாசலில் மெல்லிய இரண்டு இதழ்கள் திறந்து மூடின; மூடித் திறந்தன. உம்மாவின் வயிற்றில் நான் ஒரு பயற்றங்கொட்டை அளவு இருந்தபோது தொடங்கின வேலை. ஒரு தடவைகூட என்னிடம் அனுமதி கேட்டதில்லை, ஓய்வு கேட்டதில்லை. நான் தூங்கினேன், சண்டை பிடித்தேன், பொலிசி விற்றேன். அது பாட்டுக்கு நடந்தது. சுபுஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது. கருவியைப் பிடித்திருந்தவர், "கதைக்க வேணாம், படம் ஆடுது," என்றார்.

அறைகளுக்கு நடுவில் இருக்கிற சுவர் என்னில் இரண்டு மடங்குக்கு மேல் தடித்திருந்தது. இதயத் தசை தானாகத் தடிக்கிற நோய் என்றார்கள். தடித்த தசை இரத்தத்தைத் தள்ளச் சிரமப்படும். அதைவிட ஆபத்தானது, சில நேரம் அதில் ஓடுகிற மின்சாரம் குழம்பிப்போய், துடிக்க வேண்டிய இதயம் வெறுமனே நடுங்கும். மில்லின் படியில் எனக்கு நடந்தது அதுதான். அதுவாக நின்றதால் நான் எழும்பினேன்.

கொழும்புக்கு அனுப்பினார்கள். தங்கை றிஸ்மினாவின் கணவர் வான் ஓட்டுபவர். வேலையை விட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு போனார். என் மனைவி பர்ஸானா வழி நெடுக என் நாடியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு நாடி பார்க்கத் தெரியாது. "என்னத்தப் பாக்கிறாய்?" என்று கேட்டேன். "இரிக்கி எண்டு பாக்கிறன்," என்றாள்.

கொழும்பில் இருபத்தாறு நாள். காத்திருக்கிற வாங்குப் பலகைகளும் பெயர் கூப்பிடுகிற குரலும்தான் அதில் பெரும்பகுதி. ஒரு நாள் முழுக்க நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள்; ஒவ்வொரு துடிப்பையும் அது பதிந்து வைக்கும். இன்னொரு நாள் குழாய் மாதிரியான இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, மூச்சைப் பிடி, விடு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இரவுகளில் பயமாக இருந்தது. எல்லா நோயாளிக்கும் இருக்கிற பயம்தான், அதில் சொல்ல விசேஷம் இல்லை. றிஸ்மினா ஊரிலிருந்து யார் கொழும்புக்கு வந்தாலும் அவர் கையில் எனக்கு உப்புக் குறைத்த மீன்கறி கொடுத்துவிடுவாள். மூடியின் மேல் "காக்காவுக்கு மட்டும்" என்று எழுதியிருப்பாள்; காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். பக்கத்துக் கட்டில் மஹியங்கனைக்காரர் தமிழ் வாசிக்கத் தெரியாததால் அதைத் திறந்து சாப்பிட்டார். எனக்கும் தமிழ் தெரியாததுபோல் இருந்துவிட்டேன்.

கடைசியில் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு கருவியை வைத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. இதயம் குழம்பினால் அதுவே கண்டுபிடித்து ஒரு அதிர்ச்சி கொடுத்துச் சரிப்படுத்தும். அதற்கிடையில் இதய டொக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சிங்களப் பெண்மணி. முன்பு மட்டக்களப்பில் வேலை செய்தபோது தமிழ் பழகியவர். வெள்ளைத் தாளொன்றை வைத்துக்கொண்டு கேட்டார்: "தகப்பன் இருக்கிறாரா? இல்லை எண்டா எத்தனை வயதில? என்ன காரணம்?"

அது என்னுடைய கேள்வி. எத்தனையோ வீட்டு விறாந்தைகளில் மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு நான் கேட்ட கேள்வி. பேனை மூடியைக் கழற்றுவதற்குள் கேட்டு முடித்துவிடுவேன். என்னுடைய சொந்தப் பொலிசியிலும் அதற்கு நானே பதில் எழுதியிருக்கிறேன்: தகப்பன், முப்பத்தொன்பது வயது, வெயில்.

வாப்பா நெற்கதிரைச் சூடு மிதிக்கிற நாளில் வயலில் விழுந்தார். வெயில் தாங்கவில்லை என்று ஊர் சொன்னது, நாங்களும் நம்பினோம். டொக்டர் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று எங்கள் குடும்பத்தை வரைந்தார். இறந்தவர் என்பதற்கு வாப்பாவின் சதுரத்தின் மேல் சாய்வாக ஒரு கோடு போட்டார். வாப்பாவின் தம்பியும் இளம் வயதில் தூக்கத்திலேயே போனவர் என்றேன். அதற்கும் ஒரு கோடு.

பிறகு இரத்தம் எடுத்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். அந்தச் சோதனை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைப்பதில்லை. பர்ஸானா என்னிடம் கேட்காமல் காப்பை விற்றிருந்தாள். முடிவு வந்த அன்று டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தியதை அவருடைய சொல்லிலேயே எழுதுகிறேன்.

"உங்கட உடம்பில செல் எண்டு சொல்ற ஒவ்வொரு சின்ன அறைக்குள்ளயும் ஒரு பெரிய புத்தகம் இருக்கு. முந்நூறு கோடி எழுத்து. இதயத் தசையக் கட்டுறது எப்படி எண்டு அதில ஒரு இடத்தில எழுதியிருக்கு. அந்த இடத்தில ஒரு எழுத்து மாறியிருக்கு. ஒண்டே ஒண்டு."

"ஆரிட்ட இருந்து வந்த?"

"தகப்பனிட்ட இருந்து எண்டு நினைக்கிறன்."

சுனாமியில் கடல் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது உம்மாவைக் கொண்டுபோனது. காணி உறுதி, படங்கள், வாப்பாவின் அடையாள அட்டை எல்லாவற்றையும் கொண்டுபோனது. வாப்பா கைப்பட எழுதின ஒரு சொல்கூட எங்களிடம் மிஞ்சவில்லை. இந்த ஒரு எழுத்தை அதனால் கொண்டுபோக முடியவில்லை. வாப்பாவுக்கு அதை யார் கொடுத்தார்கள், அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. எத்தனை நூறு வருடமாக யார் யாருடைய உடம்பிலோ ஏறி வந்து, மில்லின் படியில் தன்னைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பயப்பட வேண்டிய இடம்தான் அது. நான் தாளிலிருந்த வாப்பாவின் சதுரத்தை விரலால் தடவினேன்.

டொக்டர் தாளில் இரண்டு வட்டங்களைத் தொட்டார். ஒன்று என் தங்கை. மற்றது என் ஒரே மகள் ஷிப்னா. ஒலுவில் பல்கலைக்கழகக் கெம்பஸில் படிக்கிறாள், இருபது வயது. ஒவ்வொருவருக்கும் அந்த எழுத்து இருக்கவும் கூடும், இல்லாமல் இருக்கவும் கூடும், சரிபாதி வாய்ப்பு என்றார். இருந்தால் நோய் வந்தே தீரும் என்றில்லை. ஆனால் வருடத்துக்கொரு தடவை எக்கோ பார்க்க வேண்டும், விழுவதற்கு முன்பே பிடித்துவிடலாம். "ரெண்டு பேரையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கோ."

என்னுடைய வேலைப் பையில் றிஸ்மினாவின் படிவம் கிடந்தது. நான் விழுவதற்கு மூன்று நாள் முந்தி அவள் கையெழுத்துப் போட்ட சுகாதாரக் காப்புறுதிப் படிவம். குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டா என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தாள். எழுதின அன்று அது உண்மை.

ஊருக்கு வந்து, காயம் ஆறின பிறகு, அவளுடைய துணிக்கடைக்குப் போனேன். ஷிப்னாவும் கூட வந்தாள். றிஸ்மினா கதிரையைத் துடைத்துப் போட்டாள். விஷயத்தை முழுக்கச் சொன்னேன்.

"அந்தப் படிவத்தக் குடுத்திட்டயா?" என்று கேட்டாள்.

"இல்ல. இனிக் குடுக்கேலாது தங்கச்சி. அதில இரிக்கிறது இனி உண்மை இல்ல."

"நான் கையெழுத்து வெச்ச அண்டே குடுத்திருந்தா?"

"அப்ப உண்மை."

அவள் ஒரு சட்டையை மடித்தாள். பிரித்துத் திரும்பவும் மடித்தாள். "அப்ப நான் டெஸ்ட் எடுக்கமாட்டன் காக்கா. இரிக்கி எண்டு வந்தா நான் அதப் படிவத்தில சொல்லத்தானே வேணும். சொன்னா எந்தக் கம்பனி என்ன எடுக்கும்? என்ட மனுசனுக்கும் முதுகு நோவு. கடை என்ட தலையில இரிக்கி. தெரியாம இரிந்தா எனக்கு ஒண்டும் இல்ல எண்டுதானே எழுதலாம்."

அவள் சொன்னதை என் அனுபவமே நிரூபித்திருந்தது. என் ஆஸ்பத்திரிக் கணக்கைக் கம்பனிக்கு அனுப்பியபோது, தகப்பனின் மரணக் காரணத்தை ஏன் வெயில் என்று எழுதினீர்கள் என்று கேட்டுக் கடிதம் வந்தது. தெரியாததை ஒருவர் மறைக்க முடியாது என்று பதில் எழுதினேன். ஏற்றுக்கொண்டு கொடுத்தார்கள். தெரியாமல் இருந்தவனுக்குப் பாதுகாப்பு இருந்தது. உயிரைக் காப்பாற்றக்கூடிய சோதனைக்கு என் தங்கை பயந்தாள். நோய்க்குப் பயந்து அல்ல, என்னுடைய படிவத்துக்குப் பயந்து.

டொக்டரிடம் தொலைபேசியில் கேட்டேன். சில நாடுகளில் இந்தச் சோதனை முடிவைக் காப்புறுதிக் கம்பனி கேட்கவே கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சொன்னார். இங்கே அப்படியொன்று இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றார். எனக்கும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் அதைத் தேடினதும் இல்லை.

வழியைத் திறந்தது ஷிப்னாதான். கடையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், இரண்டு வாரம் கழித்துத் தனியாகத் தன் மாமியான றிஸ்மினாவைத் தேடிப் போயிருக்கிறாள். என்ன கதைத்தாள் என்று பிறகு றிஸ்மினாதான் சொன்னாள். "மாமி, எனக்குத் தனியப் போகப் பயமா இரிக்கி. நீங்க டெஸ்ட் எடுக்க வேணாம், கூட மட்டும் வாங்க," என்றாளாம். கூடப் போனவள் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து பிள்ளையின் கையில் ஊசி ஏறுவதைப் பார்த்திருக்கிறாள். பிறகு தன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எழும்பியிருக்கிறாள்.

முடிவு இரண்டும் ஒரே நாள் வந்தது. றிஸ்மினாவுக்கு அந்த எழுத்து இல்லை. ஷிப்னாவுக்கு இருந்தது.

பர்ஸானா தொழுகைப் பாயிலிருந்து எழும்பவே இல்லை. றிஸ்மினா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஷிப்னா மட்டும் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். "வாப்பா, இது ஒங்கட வாப்பாட்ட இருந்து, மூத்தாப்பாட்ட இருந்து வந்ததுதானே? நான் அவரக் கண்டதே இல்ல," என்றாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த பயம் இல்லை. கண்டிராத ஒருவரிடமிருந்து தபால் வந்தவள்போல் இருந்தாள். அடுத்த வாரம் எடுத்த எக்கோவில் சுவர் மெல்லியதாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. வருடா வருடம் வரச் சொன்னார்கள்.

அவளுக்கு ஒரு சுகாதாரக் காப்புறுதி எடுத்து வைப்பது என் கடமை என்று நினைத்தேன். மறைத்து எழுத என்னால் முடியும். எந்தக் கட்டத்தில் எப்படி எழுதினால் கேள்வி வராது என்று என்னைவிடத் தெரிந்தவர் ஊரில் இல்லை. ஷிப்னா பேனையை வாங்கித் தானே எழுதினாள். பரம்பரை நோய் உண்டா? உண்டு. சோதனை செய்தீர்களா? செய்தேன். முடிவு இருந்தால் இணைக்கவும். இணைத்தாள்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. நன்றாக இருக்கிற, ஒரு மாத்திரைகூடக் குடிக்காத ஒரு பிள்ளைக்கு வந்த பதில். பொலிசி ஏற்றுக்கொள்ளப்பட்டது; இதயமும் இதயம் சார்ந்த எதுவும் தவிர. என் பிள்ளையின் இதயத்தைத் தவிர மற்றெல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஷிப்னா அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். "மறுகா கலியாணம் பேசினா மாப்பிள வீட்டாரும் இப்படித்தான் எழுதுவாங்களோ, வாப்பா?" என்றாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

கந்தோருக்குப் போய் மேலாளரோடு கதைத்தேன். கெட்ட மனிதர் அல்ல. "நான் என்ன செய்யிற நஸீர்? கேக்கக்கூடாது எண்டு ஒரு விதி இருந்தா எல்லாக் கம்பனியும் கேக்காது. நாங்க மட்டும் கேக்காம விட்டா, நோய் இருக்கெண்டு தெரிஞ்சவங்க எல்லாம் எங்களிட்டத்தான் வருவாங்க," என்றார். அதிலும் நியாயம் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்கட தங்கச்சிக்கு நல்ல ரிசல்ட்தானே. அவட படிவத்தோட அத இணைச்சு அனுப்புங்க. ஒரு கேள்வியும் வராது," என்றார்.

புதுப் படிவத்தோடு றிஸ்மினாவின் கடைக்குப் போனேன். இந்தத் தடவை நல்ல செய்தியோடுதான் போனேன். அவள் நான் சொல்வதைக் கேட்டாள். மேசையின் லாச்சியை இழுத்து அந்த முடிவுக் கடிதத்தை எடுத்து முன்னால் வைத்தாள்.

"இத நான் குடுத்தா எனக்கு நல்லம்," என்றாள். "எனக்குப் பின்னால வாறவங்களுக்கு? நல்ல ரிசல்ட் வந்தவங்க எல்லாம் காட்டத் தொடங்கினா, காட்டாதவங்களுக்கு இரிக்கி எண்டுதானே அர்த்தம்? ஷிப்னா மாதிரிப் புள்ளைக்கிட்ட ஆரும் கேக்கவும் தேவயில்ல. காட்டாததே போதும்."

"உனக்கு நட்டம் வரும் தங்கச்சி."

"வரட்டும்."

கடிதத்தைத் திரும்ப லாச்சிக்குள் போட்டுப் பூட்டினாள். படிவத்தை எடுத்தாள். பரம்பரை நோய் உண்டா? உண்டு. சோதனை செய்தீர்களா? செய்தேன். முடிவு இருந்தால் இணைக்கவும் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதினாள்: "முடிவைத் தர விரும்பவில்லை."

ஓ.எல். பரீட்சை தாண்டாதவள் என் தங்கை. நான் இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் காணாத ஒன்றை ஒரு துணிக்கடை மேசையில் இருந்துகொண்டு கண்டாள். கண்டதோடு விடாமல் அதற்கு விலையும் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் கண்ட எந்த இயந்திரமும் என்னை அந்த அளவுக்கு அசைக்கவில்லை. அவளுக்கும் அதே பதில்தான் வந்தது: இதயம் தவிர.

காப்புறுதிக் கம்பனிகளை மேற்பார்க்கிற அரச அலுவலகத்துக்கு நான் கடிதம் எழுதினேன். நோயாளியாகவும் முகவராகவும் எழுதினேன். இரண்டு தடவை எழுதின பிறகு வரச் சொன்னார்கள். தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி முழுவதையும் கேட்டார். றிஸ்மினாவின் சம்மதத்தோடு அவளுடைய முடிவையும் சொன்னேன். "ஒன்றும் இல்லாதவர் ஏன் தரவில்லை?" என்று கேட்டார். அவள் சொன்னதைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, பக்கத்து அறையிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். விஷயம் ஆராயப்படுகிறது என்று பிறகு கடிதம் வந்திருக்கிறது. விதி இன்னும் வரவில்லை. வருமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது நான் யாருக்கும் படிவம் நிரப்பும்போது, அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் பேனையைக் கீழே வைத்துவிட்டு, அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். டொக்டர் சோதனை செய்யச் சொன்னால் செய்யுங்கள் என்றும் சொல்கிறேன். உயிருக்குப் பிறகுதான் பொலிசி.

போன மாதம் ஷிப்னாவின் இரண்டாம் வருட எக்கோ. சுவர் அப்படியே இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். வழமைபோல றிஸ்மினா கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்திருந்தாள்; அவள் வரவேண்டிய தேவை எதுவும் இல்லை. கிளினிக் பதிவுக் கொப்பியை வாங்கின நேர்ஸ் புதியவர். மாமியையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரில ஆர் நோயாளி?" என்று கேட்டார்.

"இன்னும் ஒருத்தரும் இல்ல," என்றாள் என் தங்கை.